மாமா தானம் கொடுத்த பாடு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை, அக்கா புருஷன்தான் தன் ஐஸ் ஃபேக்டரியில் சேர்த்துக்கொண்டார். கரண்ட் போனால் ஐஸ் உருகுமே, வந்தால் மோட்டார் எரியுமே என்று பயந்தே எனக்குப் பாதி வயது போய்விட்டது. மாமா அப்படியில்லை. மீன் ஏலம் கூவிக்கொண்டிருந்தவர் ஃபேக்டரி வைத்தார், பிறகு ஊராட்சித் தலைவராகவும் ஆனார். பழவேற்காட்டுப் பக்கம் எந்தக் குப்பத்தில் சாவு விழுந்தாலும் ஐஸ் பெட்டியோடு முதலில் போய் நிற்பது அவர்தான்.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். அப்படிக் கிடைக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். கிடைத்தவன் தானே தண்ணீரில் இறங்கிக் கட்ட வேண்டும். இறங்காவிட்டால் அது ஊருக்குத் திரும்பிவிடும். தலைவரான பிறகு மாமாவுக்கு இறங்க நேரமில்லை.

இரண்டாம் தடவை அவர் தேர்தலில் நின்றார். அந்த வருஷம் கடல் ஏரிக்குள் வரும் முகத்துவாரத்தை மணல் மூடி, இறால் வரத்தே இல்லை. எங்கள் சீட்டில் சேராத அக்கரைக் குப்பத்துக்கு ஓட்டுக் கேட்கப் போனோம். படகு உடைந்துபோன ஒருத்தனின் பெண்டாட்டி மாமாவை மடக்கினாள்.

"ஓட்டுதானே அண்ணே, போடறேன். இன்னிக்கு உலையில இன்னா போடறது?"

"வர்ற பாடு என்னுதும்மா. உன் புருஷன வந்து கட்டிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டார்.

ஜீப்பில் ஏறியதும், "மாமா, அது ஊர்ப் பாடு. தூக்கிக் குடுக்க உனக்குப் பாத்தியதை இல்ல" என்றேன்.

"கொசு கடிச்சாலே மலேரியான்றவன்டா நீ. எவன் கேக்கப் போறான்?"

கேட்டார்கள். மறுநாளே ஊர் கூடியது.

"அவ்ளோ இரக்கம்னா ஐஸ் ஃபேக்டரியக் குடு தலைவரே. ஏரிய இன்னாத்துக்குக் குடுத்த?" என்றார் கூட்டத்தில் மூத்தவர். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவரே வழியும் சொன்னார். "நீ எறங்கிக் கட்டு. அவனக் கூட ஆளா வெச்சுக்க. இல்லன்னா சொன்னத வாபஸ் வாங்கிடு."

பாடு விழுந்திருந்ததோ பிரசாரத்தின் கடைசி நாளில். வடக்கே நாலு குப்பம் பாக்கி. அங்கே போகாவிட்டால் தோல்விதான் என்று கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நானும் கெஞ்சினேன்.

"அந்தப் பொண்ணு என் பேச்ச நம்பி உலை வெச்சிருக்கும்டா" என்றார் மாமா.

அன்றைக்கு அந்த அக்கரைக்காரனோடு மார்பளவுத் தண்ணீரில் இறங்கினார். வெள்ளை வேட்டி குடை மாதிரி விரிந்து மிதந்தது. "தலைவரே, சின்னம் மாத்திக்கினியா? குடையா?" என்று படகுகளிலிருந்து கத்தினார்கள். வலை கட்ட ஊன்றிய கழி இரண்டு தடவை சாய்ந்தது. முழுகிவிடப் போகிறாரே என்று கரையிலிருந்து நான் கத்திக்கொண்டே இருந்தேன். ஒருவழியாகக் கட்டி முடித்தார். விழுந்தது சுமாரான இறால்தான். பாதிக்கு மேல் அக்கரைக் கூடைக்குப் போனது.

எங்கள் குப்பம் அவருக்கே ஓட்டுப் போட்டது, அக்கரையும் போட்டது. போகாத நாலு குப்பம் கைவிட்டது.

தோற்ற அன்று சாயங்காலம் நேராக ஃபேக்டரிக்கு வந்தார். அழுதுவிடுவாரோ என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. வலைக் கயிறு அறுத்த உள்ளங்கைகளை ஐஸ் கட்டிமேல் வைத்துக்கொண்டு, "அடுத்த சீட்டு எப்போடா போடறாங்க?" என்று கேட்டார்.