பின்சுவரோடு நிற்கிற வாத்தியார்

"…உங்கடை படிப்பிப்பிலை ஒரு குறையும் இல்லை, சேர். நான் அப்பிடிச் சொல்லமாட்டன். ஆனா வெள்ளைக்காரர் கதைக்கேக்கை பிள்ளையள் அந்த வாயைப் பாத்து அப்பிடியே பிடிக்குங்கள் எல்லே?"

பவானியக்கா இதைச் சொன்னது போன சனிக்கிழமை காலை. நெல்லியடியில் அவருடைய புடைவைக்கடைக்கு மேல்மாடியில்தான் நான்கு வருடமாக என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. இருபத்திரண்டு பிள்ளைகள். அவருடைய மகள் முன்வாங்கில். நான் படியேறிப் போனபோது என்னுடைய வைட்போர்டைக் கழற்றி ஒரு மூலையில் சாத்தியிருந்தது. அந்த இடத்தில் பென்னாம்பெரிய ரீவி.

இனிச் சனிக்கிழமைகளில் இன்டர்நெட்டில் ஒரு வெள்ளைக்காரர் படிப்பிப்பாராம். பெற்றோர் கூடிக் கதைத்து முடிவெடுத்தாயிற்றாம். வகுப்பு இருக்கும். பிள்ளைகள் இருப்பார்கள். அப்படியென்றால் நான்?

இந்தக் கதையை நான் முதல் தடவையாகக் கேட்கவில்லை. முதல் தடவை கேட்டது ஜப்பானில்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே மூன்று வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் நான். எங்கள் பக்கம் கனடா போனவர் உண்டு, சுவிஸ் போனவர் உண்டு. இங்கிலீஷ் படிப்பிக்க ஜப்பான் போனவன் என்றால் ஆட்கள் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஜப்பான்காரரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

சின்னப் பட்டணம். ஒரு பேக்கரிக்கு மேலே சிறுபிள்ளைகளுக்கான வகுப்பு. வாசலில் சப்பாத்தைக் கழற்றினால் உள்ளே போட ஒரு செருப்பு, கழிப்பறைக்கு வேறு செருப்பு. ஒரு நாள் கழிப்பறைச் செருப்போடு வகுப்புக்குள் போய்விட்டேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அன்றைய பாடமே முடிந்துபோனது. வேலை முடிந்து வெளிக்கிடும்போது, நாங்கள் 'போட்டு வாறன்' என்று சொல்லும் இடத்தில், 'களைத்துப் போனீர்கள்' என்ற பொருளில் அவர்கள் ஒன்று சொல்வார்கள். தன் பயணத்தைச் சொல்லாமல் அடுத்தவருடைய களைப்பைச் சொல்கிற பேச்சு. அதைக் கேட்பதற்காகவே கடைசி ஆளாக வெளிக்கிடுவேன்.

பேச்சு அழகுதான். ஆனால்… வகுப்பை நடத்திய கெய்கோ அம்மா என்னைப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்தியபோது, லண்டனில் பிறந்தவர் என்றுவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

லண்டனை நான் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் லண்டனில் எந்த இடம் என்று ஒரு தாய் கேட்டபோது தயங்காமல் சொன்னேன் — ஈஸ்ட்ஹாம். எங்கள் ஆட்களுக்கு லண்டன் தெரிய லண்டன் போகவேண்டுமா என்ன? அங்கே இருக்கிற சித்தப்பாவின் மூன்று பெட்டைகளும் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோக்களை முழுக்கப் பார்த்தவன் நான். எந்தத் தெருவில் நல்ல இடியப்பம், எந்த மண்டபத்தில் கார் விட இடமில்லை என்பது வரைக்கும் தெரியும். அந்தப் பொய்யோடு இரண்டு வருடம் ஓடியது.

அங்கே வருடத்தில் ஒரு நாள் பெற்றோர் வகுப்புக்குள் வந்து, பின்சுவரோடு வரிசையாக நின்று பாடம் பார்ப்பார்கள். மூன்றாம் வருடம் அந்த நாளுக்காக மாதக்கணக்கில் பிள்ளைகளைத் தயார்பண்ணினேன். வெட்கத்தில் மேசையோடு முகத்தை ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறுமிகூட, எழுந்து நின்று தன் நாயைப் பற்றி நாலு வசனம் சொல்லப் பழகிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஐரோப்பாவிலிருந்து ஒரு இளைஞர் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். ஆனால் இங்கிலீஷ் என்னைப்போல அவருக்கும் இரவல்தான். எந்த இடத்தில் எந்தச் சொல் வரும் என்று என்னிடமே வந்து கேட்பார். தலைமயிர் மட்டும் பொன்னிறம்.

பெற்றோர் வரும் நாள் காலை, கெய்கோ அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நீங்கள் களைத்திருப்பீர்கள் என்றார். இன்றைக்கு முன்னுக்கு அவர் நிற்கட்டும், நீங்கள் பின்னால் நின்று பட அட்டைகளை எடுத்துக் கொடுங்கள் என்றார்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? குனிந்து வணங்கினேன். தாய்மாரோடு பின்சுவரில் போய் ஒட்டிக்கொண்டேன். அந்தச் சிறுமி எழுந்தாள். முன்னால் நின்றவரை விட்டுவிட்டு, உடம்பு முழுவதையும் திருப்பி, என்னைப் பார்த்து நாலு வசனத்தையும் சொல்லி முடித்தாள். தாய்மார் கைதட்டினார்கள் — முன்னால் நின்றவருக்கு.

அடுத்த வருடத்துக்கு என்னை மறித்து வைக்க ஒருவரும் மினக்கெடவில்லை. ஊருக்கு வந்துவிட்டேன்.

இவ்வளவையும் பவானியக்காவுக்குச் சொன்னேன். முகம் வாடிப்போனார். "உதென்ன அநியாயம் சேர். உதுகளும் மனிசரே?" என்றார். மனதாரத்தான் சொன்னார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

அவரைத் திட்டி இந்தப் பத்தியை முடித்துவிடலாம்தான். ஆனால் இந்த வகுப்புக்கு நான் அடித்த முதல் நோட்டீஸில் சிரிக்கிற பிள்ளைக்கும் பொன்னிறத் தலைமயிர். அச்சகக்காரர் போட்டது. வடிவாக இருக்கிறது என்று சொன்னது நான். கீழே கொட்டை எழுத்தில், 'ஜப்பானில் படிப்பித்தவர்'. நீர்வேலியில் பிறந்து ரேடியோ கேட்டு இங்கிலீஷ் படித்தவர் என்று போட்டிருந்தால் எத்தனை பேர் படியேறியிருப்பார்கள்? ஜப்பானில் லண்டனை விற்றேன். நெல்லியடியில் ஜப்பானை விற்றேன். என்னை எங்கேயும் விற்க எனக்கே துணிச்சல் இருக்கவில்லை. பிறகு வாங்குகிறவர்களில் கோபித்து என்ன?

படியில் பிள்ளைகளின் காலடி கேட்டது. பவானியக்கா எழும்பினார்.

"நீங்கள் வராமல் விட்டிடாதேங்கோ, சேர். அவர் உதுக்குள்ளை இருந்து கதைச்சுக்கொண்டிருப்பார். இஞ்சை பிள்ளையள் குழப்படி விட்டா ஆர் அமத்துறது?"

சொல்லிக்கொண்டே, என் கையிலிருந்த மார்க்கரை மெல்ல வாங்கி மேசையில் வைத்தார். பிறகு ரீவி ரிமோட்டை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் தானே மடக்கிவிட்டார்.