விதை முற்றும் வரை பெய்த மழை

1. நவம்பர் தொடக்கத்தில், நூம்பலில் ஒரு காலி மனையின் ஈரத்தில், நான் வெகுநாளாகத் தேடிய செடியைக் கண்டேன். குண்டூசித் தலை அளவு வெள்ளைப் பூ.
2. முற்றிய விதையை நுண்ணோக்கியில் பார்க்காமல் அது எந்த இனம் என்று சொல்ல முடியாது. பூவோ அப்போதுதான் விரிந்திருந்தது.
3. அடுத்த வாரமே மனையை மண் கொட்டி நிரப்ப ஜே.சி.பி. வந்தது.

சகோதரிகளே, நான் தாவர வகைப்பாட்டில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். அந்த விதை இல்லாமல் என் ஆய்வின் கடைசி அத்தியாயம் இல்லை. சில செடிகளைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்தேன், அழுகின. மனைக்காரரிடம் கெஞ்சினேன், போனை வைத்துவிட்டார். ஜே.சி.பி. ஓட்டும் அண்ணன் சிரித்தார்.

"இன்னாம்மா, இந்தப் புல்லுக்கா இம்மாம் அழுவுற? மாடுகூட துன்னாது."

"ரெண்டு வாரம் விடுங்கண்ணா."

"நான் இன்னா ஓனரா? நாளிக்கு லோடு வந்துரும். உன் சாமிகிட்ட சொல்லு, போ."

சொன்னேன். கரையான்சாவடி பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே, "ஆண்டவரே, இந்த வேலையை நிறுத்தும்" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

அன்று மாலையே மழை பிடித்தது. லாரிகளால் சேற்றில் இறங்க முடியவில்லை. விட்டு விட்டு இரண்டு வாரம் பெய்தது. அதே மழையில் மண்ணூர்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க வீட்டுக்குள் தண்ணீர். அம்மாவின் தையல் மெஷின் மோட்டார் முழுகிப்போனது.

கட்டில் மேல் காலை மடக்கி உட்கார்ந்து அம்மா கேட்டார்: "உன் செடிக்கு மழை கேட்டியே, நம்ம வீட்டை நினைச்சியாடி?"

"மழை நான் கேக்கலம்மா. வேலைய நிறுத்தத்தான் கேட்டேன்."

"வேற எத வச்சு நிறுத்துவாரு?"

நான் தண்ணீரில் இறங்கி மோட்டாரைக் கழற்றினேன்.

விதை முற்றியது. கணுக்கால் தண்ணீரில் நின்று பறித்தேன். வெயில் இல்லை, செய்தித்தாளுக்கு நடுவே வைத்த செடிகளை இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தித் தந்தவர் அம்மாதான், திட்டிக்கொண்டே. விதையைப் பார்த்தேன். இனம் உறுதியானது. புதியது அல்ல, ஏற்கெனவே பெயருள்ளது.

ஆண்டவர் கேட்டார்; அதற்கு நான் சாட்சி. நன்றி சொல்கிறேன். இப்போதெல்லாம் எனக்காகக் கேட்கும் முன் தெருவின் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கிறேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள். பதில் வரும் வழியில் உங்கள் வீடும் இருக்கலாம். அது தெரிந்தே கேளுங்கள்.

இன்று மனை மேடாகிவிட்டது; சுற்றுச்சுவரும் எழுந்துவிட்டது. செடி என் தாள்களில் மட்டும் இருக்கிறது. அத்தியாயம் முடிந்தது. அம்மா காலால் மிதித்துத் தைக்கிறார்.