தீர்மானத்தை வழிமொழிந்தவன்

இந்திய அணி தென்னாப்பிரிக்காவுக்குப் போன அந்த டிசம்பரில், டெஸ்ட் ஆட்டங்களை எங்கள் எஸ்டேட் ஸ்டாஃப் கிளப்பில் காட்டுவதில்லை என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர், இருபது வருடமாக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டெஸ்ட் பார்த்த டீ மேக்கர். வழிமொழிந்தவன் நான்.

அவர் ஃபேக்டரியில் இலையை வாட்டி, அரைத்து, தூளாக்கி அனுப்பியவர். நான் ஆபீஸில் ஹெட் கிளார்க். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் குன்னூர் பக்கமே தங்கிவிட்டோம். கிளப்பிலும் உறுப்பினர்களாகத் தொடர்ந்தோம். ஓய்வு பெற்றவர்களுக்கு உறுப்பினர் உரிமை தரும் விதியை எழுதியதும் நான்தான்.

என் வீடு பள்ளத்தில் இருக்கிறது. கைபேசியில் சிக்னல் கிடையாது. டிவி என் மனைவியின் நிர்வாகத்தில் உள்ளது. அதனால் டெஸ்ட் என்றால் எனக்குக் கிளப் கூடம்தான். டீ மேக்கர் இல்லாமல் ஒரு டெஸ்ட் பார்த்ததாக நினைவில்லை. நான் ஃபீல்டிங் வியூகத்தை விளக்குவேன், அவர் தலையாட்டுவார். ஐந்தாம் நாள் மாலை இரண்டு பேர் மட்டுமே மிஞ்சியிருப்போம். என் வாழ்க்கையில் நட்பு என்று நான் பதிவு செய்து வைத்திருந்தது அதைத்தான்.

அந்தச் சுற்றுப்பயணத்தில் முதலில் மூன்று டி-20, பிறகு மூன்று ஒருநாள் ஆட்டம், கடைசியில் இரண்டு டெஸ்ட். பாயசத்தில் தொடங்கிச் சோற்றில் முடிக்கிற பந்தி. டெஸ்ட் வரும் என்ற நம்பிக்கையில் முன்னாலிருந்த ஆறையும் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் செயலாளர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்தினார். அவர் இப்போதைய ஃபீல்டு ஆபீசர், நாற்பது வயதுக்காரர்.

"டெஸ்ட் நடக்கிற நாளெல்லாம் ஹாலுல கேரம் போட்டிங்க சார்."

"யார் முடிவு பண்ணினது?"

"கமிட்டிங்க. நீங்களும் வழிமொழிஞ்சிருக்கீங்களே."

கூட்டத் தீர்மானங்களை எழுதும் மினிட் புத்தகத்தைத் திறந்து காட்டினார். என் கையெழுத்துதான். சந்தேகமில்லை.

"நான் கையெழுத்துப் போடறப்ப பக்கம் வெள்ளையா இருந்தது."

"எப்பவும் வெள்ளையாத்தானுங்க சார் இருக்கும். நீங்க கொண்டுவந்த வழக்கந்தானுங்களே."

உண்மை. நான் பன்னிரண்டு வருடம் செயலாளராக இருந்தபோது, மழையிலும் பனியிலும் யாரும் கூட்டம் முடியும்வரை இருக்க மாட்டார்கள். கடைசி பஸ் போய்விடும் என்பார்கள். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய ஆள் எண்ணிக்கை, குறையாமல் இருக்க நான் ஒரு வழி செய்தேன். வந்ததும் பக்கத்தின் அடியில் கையெழுத்து, தீர்மானம் பிறகு மேலே எழுதப்படும். பதவியை விட்ட பிறகு 'வழிமொழிபவர்' என்ற இடம் பரம்பரைச் சொத்துபோல் எனக்கென்று ஆகிவிட்டது. டிசம்பர் கூட்டத்தன்று சாரல். கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் டீ மேக்கர் 'முன்மொழிபவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு நிற்கவில்லை. தீர்மானம் முழுவதையும் அவரே தன் கைப்பட எழுதியிருந்தார். அவர் கூட்டம் முடியும்வரை இருந்திருக்கிறார்.

மறுநாள் காலை அவர் வீட்டுப் பின்புறம் பீன்ஸ் கொடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார்.

"கேரம் போட்டி நல்ல யோசனைங்க" என்றேன்.

அவர் குச்சியை விடவில்லை. "சொல்லோணும்னுதான் இருந்தேன் சார்."

"எப்போ? பரிசளிப்பு விழாவிலா?"

குச்சியின் அடியில் மண்ணை மிதித்து இறுக்கினார். "டெஸ்ட்டு எனக்கு எப்பவுமே புடிக்காதுங்க சார்."

"இருபது வருசமா பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

"நீங்க கூப்பிட்டீங்க, வந்தேனுங்க. என்ற லீவெல்லாம் நீங்கதான எழுதோணும்? ஹெட் கிளார்க்கு கூப்பிட்டா வரலீன்னு சொல்ல முடியுங்களா?"

"நான் ரிட்டயர் ஆகி ஒன்பது வருசம் ஆச்சு."

"பழகிப்போச்சுங்க. திடீர்னு நிறுத்துனா நீங்க ஒரு மாதிரி நெனைப்பீங்கன்னு..."

"இப்ப நெனைக்க மாட்டேன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தார். குடித்தேன். அந்த மனிதர் போடும் டீயைக் குறை சொல்ல முடியாது, அதுவும் ஓர் எரிச்சல்.

விதிகளைப் படித்தவனுக்கு வருத்தப்பட நேரம் இருக்காது. பத்து உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்டால் மூன்று நாள் அவகாசத்தில் அவசரக் கூட்டம் கூட்ட வேண்டும் என்று எங்கள் விதிகளில் ஒரு பிரிவு உண்டு. மனு தயாரித்தேன். நான் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது முதல் டெஸ்ட் மூன்றே நாளில் நமக்குத் தோல்வியாக முடிந்தது. என்னையும் சேர்த்து ஒன்பது கையெழுத்து கிடைத்தது. பத்தாவதற்கு, கேட்காமல் விட்ட உறுப்பினர் ஒருவர்தான் மிச்சம், டீ மேக்கர்.

கிளப் கூடத்தில் கேரம் பலகைக்கு மாவு தூவிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார். நான் தாளை நீட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு என் சட்டைப்பையிலிருந்த பேனாவை அவரே எடுத்தார்.

"வாசிச்சுப் பாருங்க" என்றேன்.

"எதுக்குங்க சார், நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

கையெழுத்துப் போட்டார். அவருடைய சொந்தத் தீர்மானத்தை ரத்து செய்யக் கேட்கும் மனு. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எத்தன மணிக்கு வரோணுங்க?" என்றார்.

அந்தப் பத்தாவது கையெழுத்து செல்லும். எந்தப் பிரிவின்படியும் அதை நிராகரிக்க முடியாது. அவரிடம் நான் வாங்கிய எல்லாக் கையெழுத்தும், எல்லா ஐந்தாம் நாள் மாலைகளும் இப்படித்தான் கிடைத்திருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வர வேண்டாம்" என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்தேன். யாரிடமும் கொடுக்கவில்லை.

"சரிங்க சார்" என்றார். நிம்மதியை மறைக்கக்கூட அவர் சிரமப்படவில்லை.

இரண்டாவது டெஸ்ட்டை மேல் ரோட்டு வளைவில் நின்று கைபேசியில் பார்த்தேன். அங்கே மட்டும்தான் சிக்னல் வரும். குல்லாய், மஃப்ளர், ஒரு மைல்கல்லின் மேல் அரைகுறையாக உட்கார்ந்த கோலம். ஐந்து நாளுக்கான ஏற்பாட்டோடு போயிருந்தேன். ஆட்டம் இரண்டாம் நாளே முடிந்துவிட்டது. நம்மவர்கள்தான் ஜெயித்தார்கள். சொல்ல ஆளில்லாமல் திரும்பிப் பார்த்தேன்.

கீழே கிளப் ஜன்னல் திறந்திருந்தது. காய்கள் பலகையில் மோதும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். யாரென்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஏனென்றால் இருபது வருட டெஸ்ட்டில் டீ மேக்கர் சிரித்து நான் கேட்டதே இல்லை.