ஐந்து பேர் சாப்பிடும்வரை

என் அம்மாவின் தங்கை, மொன்றியல் தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் ஒரு கல்லூரியில் ஸ்பானிய மொழி படிப்பித்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா அழைப்பிதழில் அவருடைய பெயருக்கு முன்னால் ‘பேராசிரியர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் போட்டவர்கள்தான் பத்து வருடத்துக்கு மேல் அவரை ‘ஸ்பானிஷ் படிச்ச விசரி’ என்று சொல்லிச் சிரித்தவர்கள்.

கனடாவுக்கு வரும் வழியில், ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரன் கைவிட்டதால் சின்னம்மா இரண்டு வருடம் எக்குவடோரில் அகப்பட்டுக் கிடந்தவர். அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை செய்தபடி காதால் கேட்டுப் பிடித்த மொழியை, மொன்றியலுக்கு வந்து பல்கலைக்கழகத்தில் முறையாகப் படித்தார். கணக்கியல் படித்திருக்கலாமே என்று எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் ஒரு தரம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அடுத்த தவணைக்கு வகுப்புக் கிடைக்குமா என்று அவர் காத்திருந்த வருடங்களில் சங்கத்தில் ஒருவரும் அவரை விசாரித்ததில்லை. பிரெஞ்சில் கடிதம் எழுத மட்டும் வருவார்கள். வீட்டுக்காரனுக்கு ஒன்று, நகரசபைக்கு ஒன்று. அவரும் எழுதிக் கொடுப்பார். வேலை நிரந்தரமானதும் அவர் திடீரென்று எங்கள் இனத்தின் பெருமை ஆகிவிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னம்மா தீவுக்கு வெளியே உள்ள மரக்கறித் தோட்டங்களுக்குப் போவார். நானும் கூடப் போவேன். குவாத்தமாலாவிலிருந்து வேலைக்கு வந்த, ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குப் படிவம் நிரப்புவார், முதலாளியிடம் பேசுவார், முதுகு நோவென்றால் டொக்டரிடம் கூட்டிப்போவார். தன்னைப் பாராட்டும் அந்த ஆண்டுவிழாவுக்கு அவர்களில் ஐந்து பேரை அழைத்தார். அப்பாவின் வான் வண்டியை இரவல் வாங்கி, நாங்கள் இருவரும் போய் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஐந்து பேரும் தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, சேர்ட்டை உள்ளே விட்டிருந்தார்கள். சங்கத்துக்கென்று ஒரு பெட்டி தக்காளி கொண்டுவந்தார்கள்.

விழா, மொன்றியலின் பியர்போன் பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில். மூன்றாவது வரிசையில் அவர்களை இருத்திவிட்டு சின்னம்மா மேடைக்குப் பின்னால் போனார். இடைவேளையில் சாப்பாட்டு மேசைகள் போடவேண்டியிருந்தது. நிர்வாகசபைக்காரர் ஒருவர் வந்து, அந்த ஐந்து பேரையும் விரலால் சைகை காட்டி எழுப்பினார். விருந்தாளிகளும் கை கொடுப்பது இங்கத்தைய வழக்கம் என்று நினைத்தார்களோ என்னவோ, சிரித்துக்கொண்டே கதிரை தூக்கினார்கள். பிறகு அவர்களைக் குசினிக்குள் அனுப்பிப் பெரிய அண்டாக்களைக் கழுவ விட்டார்கள்.

சனம் வரிசையில் நின்று சாப்பிட்டது. ரோல்ஸ் தட்டு காலியாவதைக் கண்டு, அந்த ஐந்து பேருக்கும் கிடைக்காதே என்று நான் சங்கத் தலைவரிடம் ஓடினேன். அவர் என் தலையைத் தடவினார்.

“அவை வேலைக்கு வந்த ஆக்கள் பிள்ளை. பேந்து குடுப்பம்.”

அவை சின்னம்மா கூப்பிட்ட ஆக்கள் என்றேன். அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இந்த மனிதர்தான் ஒவ்வொரு விழாவிலும், தான் இந்த நகரத்துக்கு வந்த புதிதில் எட்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவிய கதையைக் கண் கலங்கச் சொல்பவர். சனமும் கை தட்டும்.

நான் மேடைக்குப் பின்னால் போய்ச் சின்னம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன் பெயரைக் கூப்பிட்டபோது அவர் மேடைக்குப் போனார். பொன்னாடையைப் போர்த்தவிட்டார். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

“என்னோட வந்த ஐஞ்சு பேர் இன்னும் சாப்பிடேல்லை. அவை சாப்பிட்டு முடியட்டும். நான் இருக்கிறன்.”

சொல்லிவிட்டு மேடைக் கதிரையில் இருந்தார்.

இருநூறு பேர் இருந்த மண்டபத்தில் ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கியது. தலைவர் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். சின்னம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் ஐந்து பேரையும் ஈரக் கையோடு கூட்டிவந்து மேடைக்கு முன்னால் ஒரு மேசையில் இருத்தினார்கள். பாத்திரங்களின் அடியில் கிடந்த சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் வழித்துப் போட்டார்கள். முழு மண்டபமும் பார்த்திருக்க அவர்கள் சாப்பிட்டார்கள். முடிந்ததும் சின்னம்மா எழும்பி, நன்றி என்று ஒரு சொல் சொல்லி, பொன்னாடையைக் கதிரையில் மடித்துவைத்துவிட்டு இறங்கினார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அம்மா அழுதார். இனி ஆக்களின் முகத்தில் எப்படி முழிப்பது என்று தங்கையை ஏசினார். சாப்பாடு கொடுக்காதவர்களை ஒரு சொல் ஏசாத அம்மாவோடு நான் அதன்பிறகு ஒரு கிழமை கதைக்கவில்லை. பேராசிரியருக்குத் தலைக்கனம் என்று சங்கத்தில் முடிவானது. அடுத்த மாதமே அதே சங்கத்திலிருந்து ஒருவர் வாடகைக் கடிதம் எழுதுவிக்க வந்தார். சின்னம்மா தேத்தண்ணி கொடுத்து எழுதியும் கொடுத்தார்.

விழா நடந்த அன்று பின்னேரம் ஐந்து பேரையும் தோட்டத்துக்குத் திருப்பிக் கூட்டிப்போனோம். அவர்களை இறக்கிவிட்டபோது சின்னம்மா ஒவ்வொருவரின் கையையும் பிடித்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் அதில் மன்னிப்புக்கான சொல், எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல்லைப்போலவே கேட்டது. ஐந்து பேரிலும் இளையவன் நிலத்தைப் பார்த்தபடி தலையாட்டினான்.

வான் புறப்பட்டதும் எனக்குக் கோபம் பொங்கியது. தலைவர் செய்த பிழைக்கு நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று கேட்டேன்.

“தலைவருக்காக இல்லை. நான் செய்ததுக்கு,” என்றார். கொஞ்சத் தூரம் போனபிறகு, “அவ்வளவு சனமும் பாத்துக்கொண்டிருக்க அவை சாப்பிடேக்கை அவையின்ர முகத்தைப் பாத்தனியே?” என்று கேட்டார்.

இல்லை, நான் தலைவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அது எப்படிக் கறுத்துப்போனது என்று நடித்தும் காட்டினேன். சின்னம்மா சிரிப்பார் என்று நெடுநேரம் காத்திருந்தேன்.