குளிரில் கொதித்த என்ஜின்

யோண்டனின் லாரியில் ஏறுகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். சூடு காட்டும் முள் நாற்பதைத் தொடும்வரை அவன் கியர் பக்கம் கையைக் கொண்டுபோக மாட்டான். அது எண்பதுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவில் நின்றால்தான் அவன் முகம் தெளியும். மற்ற ஓட்டுநர்கள் அவனை 'மருத்துவச்சி' என்று கேலி செய்வார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் அவன் ஓர் என்ஜினைக்கூட எரித்ததில்லை. தாயில்லாத அவனை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா செவ்ஜித், அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

அந்த மாசியில் பனி இறுகிப்போய்ப் புல்வெளியையே மூடிவிட்டது. செவ்ஜித்தின் ஆடுகளால் குளம்பால் கீறியும் புல்லை எடுக்க முடியவில்லை. "இன்னும் ஒரு ராத்திரி பட்டினின்னா மந்தையே போயிடும்" என்று கணவன் தாம்பா சொல்லியனுப்ப, சந்தைக்கு வந்திருந்த அவள், தம்பியின் லாரியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்பினாள்.

உறையாத திரவம் அந்த வருஷம் எங்கும் கிடைக்காததால் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான். குளிர் தாக்காமலிருக்க அதன் முன்னால் தடித்த கம்பளிப் போர்வை. நடுவில் திறந்து மூட ஒரு மடிப்பு. மேட்டில் ஏறும்போது திறக்க வேண்டும், இறங்கும்போது மூட வேண்டும்.

கணவாய் ஏற்றத்தில் யோண்டன் இறங்கி மடிப்பைத் திறந்துவிட்டான். உச்சியில் மலைத்தெய்வத்துக்கான கற்குவியலை மூன்று முறை சுற்றினார்கள். எதிர்ப்பக்கமிருந்து வந்த ஓட்டுநர் ஒருவர் மூக்குப்பொடிச் சிமிழை நீட்டினார். வாங்கி முகர்ந்து திருப்பித் தராமல் போவது மரியாதையில்லை.

"குளிர்காலம் சுகமா போகுதா தம்பி?"

"சுகமா போகுது அண்ணே. உங்க ஆடுமாடெல்லாம்?"

"கொழுகொழுன்னு இருக்கு."

அவர் லாரி முழுக்கச் செத்த மாடுகளின் தோல். நலம் கேட்டால், எது எப்படியிருந்தாலும், அப்படித்தான் சொல்வது வழக்கம். யோண்டன் அந்தத் தோல்களையே பார்த்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினான். மடிப்பை மூடவில்லை.

இறக்கத்தில் என்ஜினுக்கு வேலையில்லை. எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து அடித்தது. சமவெளிக்கு வந்ததும் முள் ஏறத் தொடங்கியது. தொண்ணூற்றைந்து, நூறு. மூடியோரம் ஆவி சீறியது. யோண்டன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினான். ரேடியேட்டரின் மேல்பாதி கையைச் சுட்டது, கீழ்ப்பாதி பனிக்கட்டி.

"கீழ உறைஞ்சுடுச்சுக்கா. சூடான தண்ணி சுத்தி வர வழியில்ல."

"அதோ நம்ம மலை தெரியுதுடா. மெதுவா ஓட்டு."

"ஓட்டினா என்ஜின் இறுகிடும்."

"இறுகட்டும்! அங்க உயிர் போகுது, நீ இரும்பக் கட்டிக்கிட்டு அழு."

"பாதி வழியில நின்னா வைக்கோல யாருக்கா சுமப்பாங்க?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

தீ பீய்ச்சும் ஊதுவிளக்கைப் பற்றவைத்து அவன் வண்டிக்கடியில் படுத்தான். கட்டி உருகிய பிறகுதான் ஒரு குழாய் வெடித்திருப்பது தெரிந்தது. அதை நசுக்கி அடைத்தான். ஒழுகிப்போன தண்ணீருக்குப் பதிலாகச் செவ்ஜித் பனியை வாளி வாளியாக அள்ளி உருக்கினாள். ஒரு வாளிப் பனி ஒரு கிண்ணம் தண்ணீரானது. அதற்குள் காற்று கிளம்பித் தடத்தை மூடிவிட்டது. விடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

தொழுவத்தில் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விறைத்துக் கிடந்தன. ஓரமாகச் சில நின்றுகொண்டிருந்தன. தாம்பா அவற்றுக்கு வைக்கோலைப் பிரித்துப் போட்டான்.

"என்னாச்சு?" என்றான் கடைசியில்.

"என்ஜின் கொதிச்சுடுச்சு மாமா" என்றான் யோண்டன்.

தாம்பா உறைந்த மந்தையையும் மச்சானையும் மாறிமாறிப் பார்த்தான். "இந்தக் குளிர்லயா?"

யோண்டன் வாயைத் திறப்பதற்குள் செவ்ஜித் நடுவில் வந்தாள். "நான்தான் கணவாயில அவனப் பேச்சுக்கு இழுத்து, போர்வை மடிப்ப மூட மறக்க வச்சேன். கேக்கணும்னா என்னக் கேளு."

தாம்பா கத்தியை எடுத்துக்கொண்டு தோலுரிக்கப் போனான். யோண்டன் அக்காவைப் பார்க்காமல் அவன் பின்னாலேயே போய், முதல் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டான்.