டெக்ஸாஸிலிருந்து வந்த டீச்சர்

ஃபிரிட்ஜைத் திறந்தேன், உடனே மூடினேன். பார்த்தது நிஜம்தானா என்று மறுபடி திறந்தேன். நிஜம்தான். பாதி தின்ற பீநட் பட்டர் பாட்டில், அதில் நட்டுவைத்த ஸ்பூன், ஸ்பூனில் நீளமாக ஒரு செம்பட்டை முடி. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்த ஆங்கில ஆசிரியர்களில் யாருடையதோ. அவர்களுக்கும் முன்னால் இருந்தவர்களின் டூத் பிரஷ்கள் குளியலறை டம்ளரில் நின்றன. சீனாவில் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த பள்ளி கொடுத்த வீடு அது. ஒரு ஜோடி போனால் அடுத்த ஜோடி வரும். நடுவில் துடைப்பது யாருடைய வேலையும் இல்லை.

"இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டேன்.

"நீ இங்க வந்து பாரு" என்று குளியலறையிலிருந்து என் கணவன் கத்தினான். "டாய்லெட்டுக்கு மேலயே ஷவர். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிச்சுடலாம். செம எஃபிஷியன்ட்."

அவன் அப்படித்தான். எதிலும் அவனுக்கு ஒரு நல்ல பக்கம் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையிலிருந்த சாக்கடை ஓட்டையும் அதிலிருந்து எழும்பி வந்த நாற்றமும்தான். ஈரத்துணியைச் சுருட்டி அடைத்துப் பார்த்தேன். துணியும் நாறியது.

சீனாவுக்கு வரும் யோசனையே என்னுடையது என்பதால் வாய் திறக்க வழியில்லை. டெக்ஸாஸில், எங்கள் ஊரான ரிச்சர்ட்சனில், அவன் வேலை பார்த்த டெலிகாம் கம்பெனி அவனுடைய டீமையே கலைத்திருந்தது. நான் அங்கேயே யூனிவர்சிட்டியில் மொழியியல் முடித்துவிட்டு ஒரு டேகேரில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். சின்னக் குழந்தைகள் இரண்டாவது மொழிக்குள் எப்படி நுழைகிறார்கள் என்பதுதான் நான் ஆராய்ந்த விஷயம். அதை ஒரு நிஜ வகுப்பில் செய்து பார்க்க வேண்டுமென்ற அரிப்பு எனக்கு. சீனாவில் ஒரு தனியார் பள்ளி, தம்பதியாக வரும் அமெரிக்க ஆசிரியர்கள் தேவை என்று கேட்டிருந்தது. இரண்டு பேரிடமும் அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தது. அந்த வாரமே அப்ளை பண்ணிவிட்டேன்.

சனிக்கிழமை, ஊர்த் தமிழர்கள் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக்கில் விஷயத்தைச் சொன்னதும் ஒரு ஆன்ட்டி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சைனாவுக்கா? நாங்க இங்க கிரீன் கார்டுக்கு க்யூல நின்னே தலை நரைச்சாச்சு. நீ பாஸ்போர்ட்டையே கைல வச்சுட்டு அங்க போறேங்கற."

"ஒரு வருஷம்தான் ஆன்ட்டி."

"நாங்களும் ஒரு வருஷம்னுதாம்மா இங்க வந்தோம்."

வந்த முதல் வாரம் முழுக்க வீட்டைத் தேய்த்தேன். அம்மா ரிச்சர்ட்சனிலிருந்து வீடியோ காலில் மேற்பார்வை பார்த்தாள். ஈரோட்டை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் அம்மாவின் பேச்சு மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"ஏன் கண்ணு, அந்த ஊர்ல ஃபினாயில் கெடைக்காதா?"

"கெடைக்கும்மா. பாட்டில் மேல எழுதியிருக்கறதுதான் படிக்கத் தெரியல."

"படிக்கத் தெரியலைன்னா மோந்து பாத்து வாங்கு. மூக்கு இருக்குதுல்ல?"

ஆனால் வகுப்பு. அந்த வகுப்புக்காக இன்னும் இரண்டு சாக்கடைகளைக்கூடச் சகித்திருப்பேன். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். ஏபிசிடி அட்டைகளையெல்லாம் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டு, முதல் நாளே வகுப்பைக் காய்கறிக் கடையாக்கினேன். நிஜத் தக்காளி, நிஜ வெங்காயம். கேட்டால்தான் கிடைக்கும், ஆங்கிலத்தில் கேட்டால்தான். மூன்றாவது வாரம் ஒரு பெண் குழந்தை என்னிடம் பேரம் பேசியது. வாக்கியம் உடைந்து கிடந்தது, இலக்கணமே இல்லை, ஆனால் தக்காளி அழுகியிருக்கிறது, வேறு கொடு என்று எனக்கு ஐயமறப் புரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு ஓடியே வந்தேன். என் ஆராய்ச்சியில் வெறும் வரிகளாக இருந்தது என் கண் முன்னால் நின்று தக்காளி கேட்டது.

பிறகு அந்த விருந்து வந்தது.

எங்களை வரவேற்கிறோம் என்று பிரின்சிபால் ஏற்பாடு செய்தது. சிரித்த முகம், வேகமான ஆங்கிலம் பேசும் ஐம்பது வயதுப் பெண்மணி. நம்மூர் வழக்கப்படி முதல் நாளே அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டோம்; அவருக்கும் அது பிடித்துப்போனது. விருந்தில் முக்கிய விருந்தாளி, பள்ளிக் கட்டடத்தின் சொந்தக்காரர். தக்காளிக்குப் பேரம் பேசிய குழந்தையின் தாத்தா. வட்ட மேசை, நடுவில் சுழலும் கண்ணாடி, அதன்மேல் வரிசையாகக் கிண்ணங்கள். எல்லோரும் அவரவர் வாய்க்குள் போய்வந்த குச்சியையே பொதுக் கிண்ணத்திலும் விட்டுத் துழாவினார்கள். சூப்பில் நனைந்து, உதட்டில் சப்பி, மறுபடி சூப்பில்.

எச்சில். தண்ணீர் பாட்டிலை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தே வளர்ந்தவள் நான்.

"முடியலடா" என்றேன் தமிழில், முகத்தில் சிரிப்பு குறையாமல். "எல்லாம் எச்சில்."

"தியேட்டர்ல ஒரே பாப்கார்ன் பக்கெட்ல கை விடல?"

"கைதானே விட்டேன். நாக்கையா விட்டேன்?"

அவனுக்கென்ன, சின்ன வயதிலேயே அமெரிக்கா வந்து வெஸ்ட் வின்ட்சரில் வளர்ந்தவன், யாருடைய கோக்கையும் வாங்கி ஒரு வாய் குடிப்பவன். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கிண்ணம் மேசைக்கு வந்த உடனே, வேறு குச்சி எதுவும் படுவதற்கு முன்னால், எனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது. கீரை வந்தது, எடுத்தேன். டோஃபு வந்தது, எடுத்தேன். முழு மீன் ஒன்று நீளத் தட்டில் வந்தது. பரிமாறியவர் அதன் தலையைக் கவனமாகக் கட்டட உரிமையாளர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் குச்சியை எடுப்பதற்குள் நான் எட்டி மீனின் வயிற்றுப் பக்கத்தில் நல்ல துண்டாகப் பெயர்த்துக்கொண்டேன்.

மேசையில் எல்லாக் குச்சிகளும் அப்படியே நின்றுவிட்டன. யார் பக்கம் மீனின் தலை இருக்கிறதோ அவர்தான் முதலில் எடுக்க வேண்டும், அதுவரை மற்றவர்கள் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. பொதுவாகப் பரிமாறத் தனிக் குச்சி கேட்டால் தருவார்கள் என்பதும் தெரியாது. கேட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் என் கணவன் புகுந்துவிட்டான். அவனால் ஒரு மௌனத்தைச் சும்மா விட முடியாது.

"அது எங்க மதம் ஆன்ட்டி" என்றான் ஆங்கிலத்தில். "இந்தியால பிறர் தொட்டதைச் சாப்பிடக் கூடாது. அவ ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

பிரின்சிபால் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "இந்தியா?" என்றார் கட்டட உரிமையாளர். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு பிரின்சிபாலைப் பார்த்தார். பெற்றோரிடம் எங்களை டெக்ஸாஸ் ஆசிரியர்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். வாசலில் தொங்கிய பேனரில் எங்கள் படம் இல்லை, ஒரு கௌபாய் தொப்பிதான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"எந்த மதத்துலடா மீனைப் புடுங்கித் திங்கச் சொல்லிருக்கு?"

"சிச்சுவேஷனை சேவ் பண்ணேன்."

"என் வகுப்புக்கு வேட்டு வச்ச."

அந்த வாரக் கடைசியில் பிரின்சிபால் என்னை அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். சேர்க்கைக்காகத் திறந்த வகுப்பு ஒன்று நடக்கப் போகிறது, புதுப் பெற்றோர் வந்து பார்ப்பார்கள் என்றார். அதை வேறொருவர் நடத்துவார். நீ பின்வரிசையில் உதவியாளராக இரு, பாடத்தை மட்டும் தயாரித்துக் கொடு. "உன் பாடம்தான் மிகச் சிறந்தது" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். "ஆனால் பெற்றோர் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நீ என் மகள் மாதிரி, உனக்குப் புரியும்."

ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்குக் கிடைத்த பலன் இது. மகளிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, புரியும் என்று சொன்னால் போதும். ஒப்பந்தம் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். மாட்டேன் என்றால் அவன் வேலையும் போகும், வீடும் போகும். புரிகிறது என்றேன். சொன்ன வாய் கசந்தது.

வந்தவர், கிழக்கு ஐரோப்பாவில் எங்கிருந்தோ இந்த ஊர்த் தோல் தொழிற்சாலைக்கு எந்திரம் பொருத்த வந்தவர். வெள்ளை, உயரம், பொன்னிற முடி. மனிதர் மோசமில்லை. "என்ன பேசணும்னு பெருசா எழுதிக் குடுங்க, எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான்" என்று என்னிடமே கேட்டார். எழுதிக் கொடுத்தேன். என் தக்காளிக் கடையை அவருக்குப் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தேன். அதைச் செய்துகொண்டிருந்தபோது எனக்கு என் மேலேயே வந்த அருவருப்புக்கு முன்னால் அந்த ஃபிரிட்ஜ் ஒன்றுமில்லை.

திறந்த வகுப்பு அன்று அவர் நடுவில் நின்று ஒவ்வொரு சொல்லாக உருட்டினார். பெற்றோர் போன்களைத் தூக்கிப் படமெடுத்தார்கள். பள்ளிக்காகப் படமெடுக்கும் வேலை என் கணவனுக்கு. நான் பின்வரிசையில் வெங்காயம் நிறைத்த கூடையோடு உட்கார்ந்திருந்தேன். தக்காளிக்குப் பேரம் பேசிய குழந்தை அவரிடம் ஏதோ கேட்டது. அவருக்குப் புரியவில்லை, சிரித்துக்கொண்டே கையிலிருந்த தக்காளியைக் கொடுத்துவிட்டார். பெற்றோர் கை தட்டினார்கள். அது கேட்டது வெங்காயம்.

"ஒரு நாள் கூத்துதானே" என்றான் என் கணவன் வீட்டில். "திங்கக்கிழமை உன் கிளாஸ் உனக்கே வந்துடும். இன்னும் ஜாஸ்தி கிட்ஸோட."

"அவரு மூஞ்சியக் காட்டிச் சேத்த கிட்ஸ்."

"கிட்ஸ் கிட்ஸ்தானேம்மா."

அவன் சமாதானம் சொன்ன விதம் சகிக்கவில்லை. ஜிப்லாக் பையில் போட்டு மூடிவைத்த மாதிரி, நாற்றமே இல்லாத சமாதானம்.

திங்கள்கிழமை வந்தது. வகுப்பு வாசலில் புதுப் பெற்றோர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார், அந்த ஆசிரியர் எங்கே? பிரின்சிபால் என் தோளில் கை வைத்து, ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். "அடுத்த வாரம் வருவார் என்று சொல். நீ சொன்னால் நம்புவார்கள். நீ அவருடைய உதவியாளர்தானே."

அடுத்த வாரமும் இதையே சொல்ல வேண்டியிருக்கும், அதற்கடுத்த வாரமும். எனக்குப் பிடித்த ஒரே இடத்தில், என்னுடைய வகுப்பில், இல்லாத ஒருவருக்கு எடுபிடியாக நான் வருடம் முழுக்க நிற்க வேண்டும். இத்தனை வாரங்களாக விடாமல் கற்ற அரைகுறைச் சீனத்தில் வாயைத் திறந்தேன்.

"அவர் ஆசிரியர் இல்லை. அவர் வர மாட்டார். ஆசிரியர் நான்தான். நானும் என் கணவரும் டெக்ஸாஸிலிருந்து வந்தோம். பிறந்தது இந்தியாவில்."

பிரின்சிபாலின் கை என் தோளிலிருந்து நழுவியது. சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே நின்றது. அவர் என்னிடம் பேசவில்லை. பக்கத்து வகுப்பு வாசலில் நின்ற என் கணவன் பக்கம் திரும்பினார். "உன் மனைவி விளையாடுகிறாள். அவர்களிடம் எடுத்துச் சொல்."

மௌனம். அவனால் தாங்க முடியாத பொருள். அவன் வாய் திறப்பதைப் பார்த்தேன். இப்போது என்ன மதத்தைக் கண்டுபிடிக்கப் போகிறானோ.

அவனுடைய சீனம் என்னுடையதைவிட மோசம். "உண்மை" என்றான். அந்த ஒரு சொல்தான் தெரிந்திருந்தது போல. பிறகு அதையே இன்னொரு முறை சொன்னான்.

பேத்தியை விட வந்திருந்த கட்டட உரிமையாளர்தான் முதலில் திரும்பினார். பேத்தியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். அந்தக் குழந்தை எதற்கோ ஆங்கிலத்தில் பேரம் பேசிக்கொண்டே போனது, அவருக்குப் புரியவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் அவர் பின்னால் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள். கட்டணம் கட்டியாகிவிட்டதே என்று நின்றார்களா, நம்பி நின்றார்களா, எனக்குத் தெரியாது. பிரின்சிபால் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒப்பந்தத்தை என்ன செய்வார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

"என்னடா பண்ணப் போறோம்?" என்றேன்.

"நீ கிளாஸ் எடு" என்றான். "வெளியேத்தினா அந்த பாத்ரூம் தொல்லை மிச்சம்."

மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு நாற்காலிகள் அதிகமாக இருந்தன. அவற்றைச் சுவரோரம் அடுக்கினோம். பிறகு தரையில் துணியை விரித்து, தக்காளியைக் கொட்டி, கடையைத் திறந்தேன்.