முழ நீளக் கப்பல்

மேலப்பாளையத்தில் துணிக்கடை வைத்திருந்த அசன் மைதீனின் மகன் அய்மன், சரக்குக் கப்பலில் வேலை பார்த்தபோது கடலில் தவறி விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. மகன் அனுப்பியிருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கப்பலை முழ நீளத்துக்குச் செய்யத் தொடங்கினார் அவர். கிறுக்கு என்றது ஊர். சொல்லிவிட்டுப் போகட்டும், பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்களா அவர்கள்?

மெல்லிசாக அறுத்த மரக் கீற்றுகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, விலா எலும்பு போல நிறுத்திய சட்டங்களின்மேல் ஒட்டினார். இரும்புக் கப்பலில் மர இணைப்புத் தெரியக் கூடாதே. மரத்தூளைப் பசையில் குழைத்து இடுக்குகளை அடைத்தார். உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்ட் அடித்தார். காய்ந்ததும் மறுபடி தேய்த்து மறுபடி அடித்தார்.

முடிந்த கப்பலின் மேல்தளத்தில் அவர் மனைவி மைதீன் பாத்திமா எதையோ தேடினாள்.

"எம்புள்ள எங்கன நிக்கான்?"

"நம்ம மார்க்கத்துல உருவம் செய்யக் கூடாதுல்லா, பாத்திமா."

மறுநாள் அவர் கடுகளவில் ஒரு ஜோடிச் செருப்பு செய்து, கப்பலில் அய்மனுடைய அறைக் கதவுக்கு வெளியே ஒட்டினார். பாத்திமா குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பைய பேசுங்க," என்றாள். "உள்ள தூங்குதான்."